வெள்ளம் கேட்டதுக்கு சிரிச்சாங்களா தம்பி

ஆபீஸ்ல குடிக்க வெள்ளம், அதாவது தண்ணி, கேட்டப்போ மலையாளியான்னு சிரிச்சாங்க, அதுலருந்து மீட்டிங்ல வாயே திறக்கலன்னு எழுதிருக்கீங்க, படிச்சதும் மனசு கஷ்டமாயிட்டு. நானும் மார்த்தாண்டம் பக்கம்தான். நம்ம குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்ததே 1956 நவம்பர் 1லதான், அதுவரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால வெள்ளம், பறையுறது (பேசுறது), எனக்க வீடு எல்லாம் நம்ம நாக்குல இருக்கு, அது தப்புத் தமிழ் கிடையாது. வடசென்னைப் பசங்களையும் இப்டித்தான் பேச்ச வச்சே மட்டமா பாக்குறாங்க, இது அநியாயம். கிளையன்ட் கால்ல எல்லாருக்கும் புரியுற மாதிரி பேசுங்க, அது வேலை. ஆனா வீட்டுல மாத்தாதீங்க. நான் மூணு வருசம் மாத்திப் பேசிட்டு ஊருக்குப் போனா எனக்க அம்மை "யாருகிட்ட மக்ளே பேசுத"ன்னு கேட்டா, ஆபீஸ் சிரிப்ப விட அதுதான் வலிச்சுது. அடுத்தவாட்டி சிரிச்சா, எங்க ஊருல தண்ணிக்கு வெள்ளம்னுதான் சொல்லுவோம்னு நேரா சொல்லிடுங்க.