காயத்துக்குப் பேர்போன ஷார்ட்ஸ்டாப்பை எத்தனை வருடத்துக்கு வாங்கலாம்?

கேள்வி: நான் ஆதரிக்கும் பேஸ்பால் அணிக்கு நல்ல ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர்) இல்லை. இந்தக் குளிர்காலத்தில் ஒரு நட்சத்திர ஷார்ட்ஸ்டாப் ஃப்ரீ ஏஜென்டாக, அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடியவராக வருகிறார். அடியும் தடுப்பும் அருமை. ஆனால் கடந்த நாலு சீசனில் இரண்டில் பாதி ஆட்டம்கூட ஆடவில்லை. அலுவலகத்தில் "வாங்கியே ஆகணும்" என்று ஒரு கட்சி, "காசைக் கரியாக்காதே" என்று இன்னொரு கட்சி. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கும்வரை இந்தச் சண்டை தீராது. எத்தனை வருடத்துக்கு என்று கேட்டுப் பாருங்கள், பாதி வாதம் அடங்கிவிடும். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் உறுதியானது. ஆள் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் கொடுத்தே தீர வேண்டும்.

ஷார்ட்ஸ்டாப் கார்லோஸ் கொரியாவின் விவகாரத்தைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. 2022 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவருக்கு 13 வருடத்துக்கு 35 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. மருத்துவப் பரிசோதனையில் வலது கணுக்கால் கேள்விக்குள்ளானது. 2014-ல் கீழ்நிலை லீக்கான மைனர் லீக்கில் பேஸை நோக்கிச் சறுக்கும்போது உடைந்து, தகடு வைத்துச் சரிசெய்த கால் அது. அறிமுகக் கூட்டம் தள்ளிப்போன கையோடு நியூயார்க் மெட்ஸ் 12 வருடம், 31.5 கோடி என்று பாய்ந்தது. அவர்களுடைய மருத்துவர்களும் தயங்கினார்கள். கடைசியில் 2023 ஜனவரியில் மின்னசோட்டா ட்வின்ஸ் 6 வருடம், 20 கோடிக்கு எடுத்தது. அதன் பிறகு இன்னும் நாலு வருடம் நீட்டிக்க வழி உண்டு, ஆனால் அவர் தொடர்ந்து களத்தில் நின்றால்தான்.

ஒரு வருடக் கணக்கில் பாருங்கள். ஜயன்ட்ஸ் தர இருந்தது சுமார் 2.7 கோடி, ட்வின்ஸ் கொடுத்தது 3.3 கோடிக்கும் மேல். சந்தேகமான காலுக்கு ஆண்டுச் சம்பளம் கூடித்தான் போனது! நீண்ட ஒப்பந்தத்தின் சூட்சுமம் இதில் இருக்கிறது. லக்ஸரி டாக்ஸ் (சம்பளச் செலவு வரம்பைத் தாண்டும் அணி கட்டும் வரி) ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுவதால், அணிகள் வருடத்தை இழுத்துச் சராசரியைக் குறைக்கப் பார்க்கின்றன. உடல் உறுதியான ஆளுக்கு அது சாமர்த்தியம். காயக்காரருக்கு அதையே செய்தால் நாற்பது வயதுவரை அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும்.

அப்புறம் நடந்ததும் சுவாரசியம். மின்னசோட்டாவில் 2023, 2024 இரண்டிலும் அவரைப் படுத்தியது எல்லோரும் பயந்த கணுக்கால் அல்ல, உள்ளங்கால் வலி. 2024-ல் 86 ஆட்டம்தான், ஆடியவரை 0.310 பேட்டிங் சராசரி. 2025 ஜூலை இறுதியில் ட்வின்ஸ் அவரை, அவருடைய பழைய அணியான ஹூஸ்டனுக்கே திருப்பி அனுப்பியது, சம்பளத்தில் ஒரு பங்கைத் தானே சுமந்துகொண்டு. உறுதியான வருடங்கள் மூன்றுதான் மீதி என்பதால் வாங்க ஆள் கிடைத்தது. எட்டு, ஒன்பது வருடம் மீதியிருந்தால் யார் தொட்டிருப்பார்கள்?

அடுத்தது, எந்தக் காயம் என்பது. "அடிக்கடி அடிபடுபவர்" என்று ஒரே முத்திரை குத்துவது சோம்பேறித்தனம். இன்னொரு ஷார்ட்ஸ்டாப் கோரி சீகர் 2021-ல் இரண்டு மாதத்துக்கும் மேல் ஆடாததற்குக் காரணம், பந்து பட்டுக் கை உடைந்தது. அது விபத்து, மறுபடி வரும் என்று சொல்ல முடியாது. ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை), முதுகு, இடுப்பு, குதிகால் அப்படியல்ல. வந்த வழியிலேயே திரும்பி வரும், ஷார்ட்ஸ்டாப்பின் முதலீடே கால்தான். ஷார்ட்ஸ்டாப் ட்ராய் துலோவிட்ஸ்கிக்கு 2014-ல் இடுப்பில் அறுவை சிகிச்சை. பிறகு கணுக்கால், அப்புறம் இரண்டு குதிகாலும். 2018 முழுக்க ஆடவில்லை. சுமார் 3.8 கோடி டாலர் பாக்கி இருக்கும்போதே டொராண்டோ அவரை விடுவித்தது.

டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் சீகருக்கு 10 வருடம், 32.5 கோடி கொடுத்தது. 2023-ல் அவர் ஆடியது 119 ஆட்டம். 33 ஹோம் ரன், 0.327 சராசரி, இறுதிப் போட்டியான உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது, அணிக்கு முதல் கோப்பை. அவர் இல்லாத வாரங்களில் எசெக்கியேல் துரான் நன்றாக ஈடுகொடுத்தார். ஆக, ஒரு சீசனின் 162 ஆட்டமும் ஆடுவாரா என்பது எனக்குப் பெரிய கேள்வியில்லை. அவர் உட்காரும் நாற்பது ஆட்டத்தில் அங்கே நிற்கப்போவது யார்? உங்கள் அணியில் உருப்படியான மாற்று ஆள் இல்லையென்றால், அந்தச் செலவையும் நட்சத்திரத்தின் விலையோடு சேர்த்தே கூட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை, "காசைக் கரியாக்காதே" கட்சிக்கும். பாஸ்டனின் ஷார்ட்ஸ்டாப் ட்ரெவர் ஸ்டோரி முழங்கை, தோள் என்று 2023, 2024 இரண்டிலும் சேர்த்து 69 ஆட்டம் ஆடினார். கதை முடிந்தது என்றார்கள். 2025-ல் 157 ஆட்டம் ஆடினார்.

நீங்கள் சொல்லும் ஆளுக்கு என் தீர்ப்பு இது. காலோ முதுகோ திரும்பத் திரும்பப் படுத்தவில்லை என்றால், ஆண்டுச் சம்பளம் கூடினாலும் பரவாயில்லை, ஐந்து அல்லது ஆறு வருடத்துக்கு எடுக்கலாம். ஓட்டம் குறைவான மூன்றாம் பேஸுக்கு மாறச் சம்மதிப்பாரா என்றும் பார்க்க வேண்டும். கொரியா ஹூஸ்டனுக்குத் திரும்பியதும் அங்கேதான் போனார். வேறொரு அணி பத்து வருடம் நீட்டினால் விட்டுவிடுவதே நல்லது. ஒப்பந்தம் முடிவானதாகச் செய்தி வந்தாலும் மருத்துவப் பரிசோதனை முடியும்வரை அவர் பெயர் போட்ட ஜெர்சியை வாங்கிவிடாதீர்கள்.