தாத்தா கல்யாணமும் பேத்தி கல்யாணமும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் அப்பாவின் கட்சி வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டுக் கதையையும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

என் பெயர் இங்கர்சால், அமெரிக்கப் பகுத்தறிவுப் பேச்சாளர் ஒருவரின் பெயர். புதிதாக அறிமுகமாகிறவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் ஐந்து நிமிஷம் விளக்கவுரை கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தேவைப்படாது. தாத்தா சுயமரியாதை இயக்கத்துக்காரர். 1938ல் ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல் பாட்டியோடு மாலை மாற்றிக்கொண்டவர். அப்பா கல்யாணமும் அப்படித்தான், என்னுடையதும் அப்படித்தான். மூன்று பேருக்குமே சொந்தத்தில்தான் பெண். என் கல்யாணத்தில் ஒரு தலைவர் இரண்டு மணி நேரம் பேசினார். மாலையின் பூ வாடியதுதான் நினைவிருக்கிறது.

எங்களுக்குத் தீபாவளி கிடையாது. பொங்கலுக்குத்தான் புதுத்துணி. தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் போனால், "உங்க வீட்ல யாராவது செத்துட்டாங்களாடா?" என்று பையன்கள் கேட்பார்கள். வருஷா வருஷம் இந்தக் கேள்வி. தாத்தா 1958ல் இறந்ததும் பங்காளிகள் நிலத்துக்கு வழக்குப் போட்டார்களாம், அந்த அலைச்சலில் அப்பா காலேஜை விட்டாராம். அப்போதாவது இந்தக் கொள்கையால் என்ன கண்டோம் என்று யோசித்திருக்கலாம்.

இப்போது என் மகள் பெங்களூரில் கூட வேலை செய்யும் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். பையன் வேறு சாதி. அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஐயர் வைத்து, ஓமம் வளர்த்து, தாலி கட்டித்தான் கல்யாணம் வேண்டும் என்கிறாள். பையன் வீட்டில் யாரும் கேட்கவில்லை, இவளேதான் கேட்கிறாள். அப்பாவுக்கு 85 வயசு. "நான் வரல. போட்டோவும் அனுப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டார். "தாத்தாவோடதும் ஒரு சாமியாட்டம்தான்ப்பா" என்கிறாள் மகள்.

அவருடைய கொள்கை எங்கள் சின்ன வயசைத் தின்றது. என் மகளின் சந்தோஷத்தையும் தின்ன வேண்டுமா?

இங்கர்சால்

அன்புள்ள இங்கர்சால்,

ஊர்ப்பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். மற்றபடி கடிதம் நீங்கள் எழுதியபடியே இருக்கிறது.

நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த நிலத்து வழக்கில்தான் நான் நின்றுவிட்டேன்.

1928ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அப்புறம் ஊர் ஊராக நடந்தது. உங்கள் தாத்தா மாலை மாற்றிக்கொண்டபோது அது ஓரளவு பழகிப்போன சங்கதி. ஆனால் சட்டம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் இப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. சாஸ்திரம் சொல்லும் சடங்கு நடக்கவில்லை, வழக்கம் என்று ஒத்துக்கொள்வதற்கும் இது புதுசு. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ வீடுகளில் பெண்கள் சோறு வடித்துக்கொண்டிருந்திருப்பார்கள், தாங்கள் யாருக்கும் மனைவியில்லை என்று தெரியாமலே.

இதற்கு ஐந்து வருஷம் கழித்து உங்கள் தாத்தா இறக்கிறார். பங்காளிகள் வழக்குப் போடுகிறார்கள். வழக்குக் கட்டை நான் பார்க்கவில்லை, என் ஊகம்தான், ஆனால் அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'மேற்படி பெண் சட்டப்படியான மனைவி அல்ல' என்று வக்கீல் நோட்டீஸில் எழுதுவார்கள். ஊரில் அதற்கு ஒரே வார்த்தை. வைப்பாட்டி. அந்த வார்த்தையைத் தன் அம்மாவைப் பற்றிக் கேட்ட பையனுக்கு அப்போது 18 வயசு. காலேஜை விட்டது அலைச்சலால் மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

1967ல் அண்ணாவின் அரசு இந்தத் திருமணங்களுக்குச் சட்டம் கொண்டுவந்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே நடந்த திருமணங்களும் அதற்குள் வந்தன. உங்கள் பாட்டி தன் புருஷனுக்குச் சட்டப்படி மனைவியானது அவர் செத்துப் பத்து வருஷம் கழித்து. உங்கள் அப்பாவுக்கு அப்போது 27 அல்லது 28.

அப்படிப்பட்ட ஒருவரிடம் போய் உங்கள் மகள், ஓமம் வளர்த்தால்தான் எனக்குக் கல்யாணம் என்று சொல்கிறாள். அவள் சொல்வது ஒன்று, அவர் காதில் விழுவது வேறொன்று. ஓமம் இல்லாததால்தானே அவருடைய அம்மாவுக்கு அந்தப் பெயர் வந்தது? உங்கள் அப்பா பெரியாருக்காக இந்தப் பிடிவாதம் பிடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்காகப் பிடிக்கிறார். இதை அவர் உங்களிடம் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். கொள்கைக்காரர்கள் நரகாசுரன் கதையை மணிக்கணக்கில் விளக்குவார்கள், சொந்தக் கதை என்று வந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். என் அப்பாவும் அந்த ஜாதிதான்.

எங்கள் வீட்டில் சிவப்புக் கொடி. 1964ல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது அப்பா ஒரு பக்கம் போனார், சித்தப்பா இன்னொரு பக்கம் போனார். ஒரே காம்பவுண்டில் இரண்டு குடித்தனம், பேச்சு கிடையாது. எனக்கு ஏழு வயசாகும்போது நான்தான் தூது. "உங்க சித்தப்பன்கிட்ட சொல்லு, தண்ணி வரி அவன்தான் கட்டணும்னு." போனால் சித்தப்பா ஒரு கமர்கட்டைக் கையில் கொடுத்துப் பதில் சொல்லி அனுப்புவார். அப்பா அவரைத் திருத்தல்வாதி என்பார், கொள்கையை நீர்க்கவிட்டவர் என்று அர்த்தம். அது ஏதோ வயிற்று நோய் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேரளத்தில் கம்யூனிஸ்ட் தலைவர்கள் கௌரியம்மாவும் டி.வி. தாமஸும் 1957ல் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் இரண்டு பேருமே மந்திரிகள், அந்த வருஷமே கல்யாணம். கட்சி உடைந்ததும் மனைவி மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார், கணவர் பழைய இந்திய கம்யூனிஸ்ட் கட்சியிலேயே நின்றார். 1967ல் இருவரும் மறுபடியும் ஒரே மந்திரிசபையில் உட்கார்ந்தார்கள், குடித்தனம் மட்டும் உடைந்தது உடைந்ததுதான். பெரியவர்களை அது என்ன செய்தது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கமர்கட்டு வாங்கின பையன்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு அது நல்ல காலம்தான், உண்மையைச் சொன்னால்.

அதனால்தான் கொள்கை சின்ன வயசைத் தின்றது என்று நீங்கள் சொல்வதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். தீபாவளி விஷயம் சரி. எங்கள் அம்மா அன்றைக்குப் பணியாரம் சுடுவாள். கேட்டால், "ஐப்பசி மழைக்கு நாக்கு கேக்குது" என்பாள். அப்பா மறுபேச்சில்லாமல் எட்டுப் பணியாரம் தின்பார். உங்கள் கடிதத்தில் உங்கள் அம்மாவைத் தேடிப் பார்த்தேன், ஒரு இடத்திலும் இல்லை. உங்கள் மனைவியும் இல்லை. தோழர்கள் ராத்திரி பதினோரு மணிக்கு ஆறு பேராக வந்து நிற்கும்போது ரவையைத் தேடியவர்கள் அவர்கள்தான். கொள்கைக்கு ஆன செலவை எழுதினால் அந்தக் கணக்கையும் சேர்த்து எழுத வேண்டும்.

மற்ற பாதிக்கு வருகிறேன். அந்த ஆறு பேரில் யார் என்ன சாதி என்று எங்களுக்குத் தெரியாது. எல்லோரும் எங்கள் கூடத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். காலேஜில் சேர்ந்து சிநேகிதன் வீட்டுக்குப் போனபோதுதான் சிலருக்குத் தனி டம்ளர் என்று ஒன்று இருப்பதையே பார்த்தேன். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும். 'பையன் வேறு சாதி, ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வரியில் எழுத உங்களுக்கு முடிந்திருக்கிறதே. இந்த ஒரு வரிக்காக வெட்டிக்கொள்ளும் ஊர்கள் நம் மாநிலத்தில் இன்றைக்கும் இருக்கின்றன.

ஆனால் இதே இடத்தில் உங்களைச் சீண்டவும் தோன்றுகிறது. 1929ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றும் தீர்மானம். உங்கள் வீட்டில் பட்டம் போயிற்று. பெண் எடுத்தது? மூன்று கல்யாணமும் சொந்தத்தில். ஐயரை வாசலில் நிறுத்திவிட்டீர்கள், சாதி கொல்லைப்பக்கமாக வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டது. உங்கள் மகள் ஐயரை உள்ளே கூப்பிடுகிறாள், ஆனால் அவள்தான் முதன்முதலாகச் சாதியைத் தாண்டிப் போகிறாள். உங்கள் தாத்தா உயிரோடிருந்து இந்த இரண்டில் ஒன்றைத்தான் மன்னிக்க முடியும் என்றால் எதை மன்னித்திருப்பார்? என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், கோபப்படுவார், ஆனால் யோசிப்பார். கையோடு, நிலத்தில் அத்தைக்குப் பங்கு போயிற்றா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மகள் ஏன் ஓமம் கேட்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. பக்தியா, சிநேகிதிகளின் கல்யாண வீடியோவா? எனக்கென்னவோ, அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்களின் கேள்வியை அவளும் வேறு மாதிரி கேட்டு வளர்ந்திருப்பாள் என்று படுகிறது. எதுவாக இருந்தாலும் அது அவள் கல்யாணம். யாருடைய ஏவலும் இல்லாமல் இரண்டு பேர் சேர்வதுதான் சுயமரியாதைத் திருமணம் என்று மேடைக்கு மேடை பேசிவிட்டு, இப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவளை ஏவுவதற்கு உங்கள் அப்பாவுக்கும் வழியில்லை, உங்களுக்கும் இல்லை.

ஆனாலும் 'சாமியாட்டம்' என்ற சொல்லை அவள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் அவளுக்குக் கதை தெரிய வேண்டும். நீங்கள் சொல்லாதீர்கள், நீங்களே இன்னும் முழுசாகக் கேட்டிருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஊருக்கு வரவழையுங்கள். கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டாம். அந்த வழக்கு என்ன ஆயிற்று தாத்தா என்று அவள் கேட்கட்டும். அவ்வளவுதான். நீங்கள் மாடிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று. 1967 சட்டத்தை எடுத்துப் படித்தால், உறவினர் நண்பர்கள் முன்னால் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலியும் கட்டலாம், எதுவானாலும் செல்லும் என்று இருக்கும். தாலியைச் சட்டம் தடுக்கவில்லை, கட்டாயம் என்று சொல்வதை மட்டும் எடுத்துவிட்டது. இதை அவரிடமும் அவளிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அவர் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், 85 வயதில் ஒரு மனுஷன் தன் அம்மா பக்கம் நிற்க விரும்பினால் நிற்கட்டும். கல்யாணம் முடிந்த கையோடு பொண்ணும் மாப்பிள்ளையும் ஊருக்குப் போய் அவரோடு ஒருவேளை சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும்.

பத்திரிகை அனுப்புங்கள், கட்டாயம் வருகிறேன். பேசச் சொல்லி மைக்கை மட்டும் நீட்டிவிடாதீர்கள்.