சின்னச் சொற்கள்: கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். போட்டித் தேர்வுக்குப் படித்துவருகிறேன். ஆங்கிலத்தின் நீளமான சொற்கள் எனக்குச் சிரமமாக இல்லை. செட், கெட், ரன், புட் போன்ற சின்னச் சொற்கள்தான் என்னை வீழ்த்துகின்றன. நோட்டின் இடப்பக்கத்தில் சொல்லையும் அதன் பொருள்களையும் எண் போட்டு எழுதி மனப்பாடம் செய்கிறேன். பின்னால் பொருள்கள் கூடினால் எழுதலாம் என்று வலப்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். 'செட்'டுக்கு மட்டும் இதுவரை 38 ஆகிவிட்டது. ஒரே வாரத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது. எந்த அகராதியை வாங்கலாம்? போதிய சொற்கள் இல்லாததால்தானே ஆங்கிலம் ஒரே சொல்லை இத்தனை வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறது? நம் தமிழில் இந்தக் குழப்பம் இல்லையே?

அன்புள்ள தம்பி,

எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நிறைந்த அகராதி எதுவானாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி எனக்கு வருத்தத்தையும் கோபத்தையும் தந்தது. 'கடி' என்ற ஒரே உரிச்சொல்லுக்குக் கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, அச்சம் என்று 10 பொருள் சொல்கிறது தொல்காப்பியம். நன்னூல் அதை 13 ஆக்குகிறது. உங்கள் தெருவில் ஒருவர் தறி போட்டிருக்கிறார், அவர் வீட்டு வாசலில் கோலம் போட்டிருக்கிறார்கள், உள்ளே யாரோ சண்டை போடுகிறார்கள். இந்த மூன்று 'போடு'வையும் எண் போட்டா கற்றீர்கள்? தன் மொழியைக் கவனிக்காமல் பிற மொழியைக் குறை சொல்வது தமிழுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நீங்கள் 'செட்' என்று எழுதியதும் என் தந்தை நினைவுக்கு வந்துவிட்டார். ஏற்காடு சாலையில், 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற திரைப்படப் படப்பிடிப்புக் கூடத்தில் அவர் தச்சு வேலை செய்தார். பள்ளி விடுமுறையில் நான் சோறு கொண்டுபோவேன். ஒரு நாள், மரச்சட்டத்தில் சாக்குத் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் பிளாஸ்டர் பூசி, அரண்மனைத் தூண் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். நான் கை வைக்கப் போனேன். "தொடாதே, செட் ஆகட்டும். நாளைக்குள் செட்டை முடித்துக் கொடுக்க வேண்டும்" என்றார் அப்பா. ஒரே மூச்சில் வந்த இரண்டு 'செட்'களில் முதலாவது ஈரம் இறுகுவதையும் இரண்டாவது அந்த அரண்மனையையும் குறித்தன என்பது ஆங்கில எழுத்தே அறியாத எனக்கு அந்தக் கணமே விளங்கியது. திரும்பி வரும் வழியில் பம்புசெட்டில் குளித்தபோது மூன்றாவது 'செட்'டும் எந்தத் தடையுமின்றி வந்து சேர்ந்தது.

பின்னர் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் இந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டார். பிளாஸ்டர் இறுகுவது என்றேன். 'வை' என்ற ஒரு பொருளைத் தவிர வேறெதையும் ஏற்காத அவர் உள்ளங்கை சிவக்க அடித்தார். அடியைவிட, அப்பா சொன்னது தவறாகிவிட்டதே என்ற எண்ணம்தான் அன்றிரவு என்னை அழவைத்தது. அவர் சொன்னது தவறில்லை என்று உறுதிசெய்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில், 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் ஏறத்தாழ 430 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன. அந்த அகராதியின் பிந்தைய திருத்தத்தில் 'ரன்' 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. இவற்றை மனப்பாடம் செய்தவர் இங்கிலாந்திலும் இருக்க மாட்டார்.

ஓடு என்பதிலிருந்து ஓட்டு வருவதுபோல், உட்கார்வதைக் குறிக்கும் 'சிட்' என்ற வினையின் பிறவினைதான் 'செட்'. உட்கார வைப்பது, அதாவது இருத்துவது. கடிகாரத்தில் அலாரத்தை ஒரு மணியில் இருத்துகிறார்கள். முறிந்த எலும்பை அதன் இடத்தில் இருத்துகிறார்கள். கொலுசுக் கடைக்காரர் கல்லை வெள்ளியில் இருத்துகிறார். என் தந்தையின் பிளாஸ்டர் தானே இருந்து இறுகுகிறது. படப்பிடிப்புக்காக ஓர் அரண்மனையைக் கொண்டுவந்து இருத்தினால் அதுவும் செட். ஏற்காட்டில் விடாமல் பெய்யத் தொடங்கும் மழையை ஆங்கிலத்தில் 'செட் இன்' என்பார்கள். மழை வந்து உட்கார்ந்துகொண்டது என்று கொண்டால் பொருள் தானே விளங்கும். நாம் அதையே மழை பிடித்துக்கொண்டது என்கிறோம். அந்தப் 'பிடி'யைப் புரிந்துகொள்ள ஒரு வெளிநாட்டவர் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் இந்த ஒரே வேரில் கட்டிவிடவும் கூடாது. நம் ஊர்த் தெருவோரக் கடையில் இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்துத் தருகிறார்களே, அந்தத் தட்டுவடை செட்டின் 'செட்' வேறு வழியில் வந்தது. தொகுதி என்ற பொருள் கொண்ட அந்தப் பெயர்ச்சொல், லத்தீனில் ஒருவரைப் பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த 'செக்டா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, வினைச்சொல்லோடு ஒலியில் ஒன்றாகி, காலப்போக்கில் பொருளிலும் கலந்தது. பம்புசெட்டும் அந்தக் கிளையைச் சேர்ந்ததே. ஆகவே ஆங்கிலேயரிடம் சொல் பற்றாக்குறை என்று நீங்கள் நினைத்த இடத்தில் உண்மையில் இரண்டு சொற்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

இந்தச் சின்னச் சொற்கள் தனியே நிற்பதில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். பின்னால் 'அப்' வந்தால் நிறுவுதல், 'ஆஃப்' வந்தால் புறப்படுதல், 'அசைடு' வந்தால் ஒதுக்கி வைத்தல். அருகில் பிளாஸ்டர் இருந்தால் ஒன்று, சூரியன் இருந்தால் இன்னொன்று. பக்கத்துச் சொல்லை வெட்டி எறிந்துவிட்டு 38 எண்களை எழுதினீர்கள். அதனால்தான் ஒரு வாரம்கூட அவை தங்கவில்லை. இதில் உங்கள் நினைவாற்றலை நொந்துகொள்ள ஒன்றுமில்லை, தம்பி.

அந்த நோட்டைத் தூக்கி எறிய வேண்டாம். வலப்பக்கம் காலியாக இருக்கிறதே, நாளை செய்தித்தாளில் 'செட்' கண்ணில் படும்போது, அந்த வாக்கியத்தை முழுமையாக அங்கே எழுதுங்கள். எண் போடாதீர்கள்.