ஒரே மென்பொருள், இரண்டு பேக்கேஜ்: எதைப் போடுவது?

கேள்வி: விண்டோஸிலிருந்து லினக்ஸ் மின்ட் 22-க்கு மாறியிருக்கிறேன். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஜிம்ப் (படம் திருத்தும் மென்பொருள்) தேடினால் 'சிஸ்டம் பேக்கேஜ்', 'ஃபிளாட்பேக்' என இரண்டு காட்டுகிறதே? – வாசகர், தென்காசி

பதில்: சந்தேகம் வந்தால் சிஸ்டம் பேக்கேஜையே போடுங்கள். அது லினக்ஸின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வருவது. ஃபிளாட்பேக் என்பது பல வகை லினக்ஸிலும் ஓடும்படி தனியாகக் கட்டித் தரப்படுவது. மின்ட் 22-இன் அடித்தளம் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ். அதன் களஞ்சியத்தில் பெரும்பாலான மென்பொருள்கள் 2024 ஏப்ரலில் இருந்த பதிப்பிலேயே நிற்கும். பிழைத்திருத்தங்கள் வரும், புதிய பதிப்பு வராது. அதனால்தான் சிஸ்டம் பேக்கேஜில் ஜிம்ப் 2.10 கிடைக்கிறது. 2025 மார்ச்சில் வெளியான 3.0 வரிசை வேண்டுமென்றால், இந்த இரண்டில் ஃபிளாட்பேக்கைப் போடுங்கள். படத்தை வெட்டவும் அளவு குறைக்கவும் 2.10 தாராளம். ஃபில்டரைப் போட்ட பிறகும் மாற்றிக்கொள்ளும் வசதி தேவைப்படுகிறவர்கள் 3.0-க்குப் போகலாம்.

ஃபிளாட்பேக்கில் முதல் ஆப் இறங்கும்போது அதற்கான ரன்டைமும் (ஆப் இயங்கத் தேவையான பொதுக் கோப்புகள்) சேர்ந்து இறங்கும். பல நூறு எம்.பி. ஆகும். மொபைல் டேட்டாவில் இதைத் தொடங்காதீர்கள். அடுத்தடுத்த ஆப்கள் அதே ரன்டைமைப் பகிர்ந்துகொண்டால் இந்தச் சுமை குறையும். சில ஃபிளாட்பேக் ஆப்களுக்கு வேறு டிரைவில் உள்ள ஃபைல் கண்ணில் படாது. ஆப் கெட்டுப்போகவில்லை, அனுமதி இல்லை, அவ்வளவுதான். 'ஃபிளாட்சீல்' என்ற ஆப்பில் அந்த ஃபோல்டருக்கு அனுமதி கொடுக்கலாம்.

தேடிய ஃபிளாட்பேக் வரவே இல்லையா? வெளியிடுபவர் யாரென்று சரிபார்க்கப்படாதவற்றை மின்ட் 22 தானாகவே மறைத்துவிடும். நல்ல ஏற்பாடு, வெளியிடுவது யாரென்று தெரியாமல் அந்த மறைப்பை நீக்கிவிடாதீர்கள். ஒரே மென்பொருளை இரண்டு வகையிலும் போடவும் வேண்டாம். மெனுவில் ஒரே ஐகான் இரண்டு நிற்கும், எதைத் திறந்தோம் என்றே தெரியாது.

கேள்வி: சினாப்டிக்கில் (மின்டில் பேக்கேஜ்களை நிறுவும் இன்னொரு கருவி) வீடியோ பிளேயரான வி.எல்.சி என்று தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லாவற்றையும் டிக் செய்ய வேண்டுமா? – வாசகி, கரூர்

பதில்: ஒன்று போதும். மின்ட், உபுண்டு போல டெபியன் என்ற லினக்ஸின் வழி வந்தவற்றில் ஒரே மென்பொருளைப் பல துண்டுகளாகப் பிரித்து வைப்பார்கள். 'லிப்' என்று தொடங்குபவை நூலகங்கள், அதாவது மென்பொருள்கள் பயன்படுத்தும் துணைக் கோப்புகள். 'டெவ்' என்று முடிபவை புரோகிராமர்களுக்கு. 'டாக்' என்பது கையேடு. முன்னும் பின்னும் ஒட்டு இல்லாத வெறும் பெயரில் வலது கிளிக் செய்து 'மார்க் ஃபார் இன்ஸ்டலேஷன்' கொடுங்கள். தேவையான துணைத் துண்டுகளை அதுவே கேட்டுச் சேர்த்துக்கொள்ளும்.

'அப்ளை' கொடுத்ததும் வரும் பட்டியலை மட்டும் அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள். 'டு பி ரிமூவ்ட்' என்ற தலைப்பு அதில் இருந்தால், கீழே என்னென்ன நீக்கப்படும் என்று படியுங்கள். 2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் (கேம் விளையாடும் மென்பொருள்) பேக்கேஜில் நேர்ந்த ஒரு கோளாறால், அதை இன்ஸ்டால் செய்யப்போனவருக்கு டெஸ்க்டாப்பே நீங்கிப்போனது. எச்சரிக்கை திரையில் இருந்தது. பெயர் புரியாத பெரிய பட்டியல் என்றால் 'கேன்சல்'. பெரிய மாற்றம் செய்யும் முன் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அப்போதைய நிலையின் நகல்) எடுத்து வையுங்கள். அது மின்டோடேயே வருகிறது.

கேள்வி: தமிழ்99 விசைப்பலகைக்கு எந்தப் பேக்கேஜ்? – வாசகர், மன்னார்குடி

பதில்: 'ஐபஸ்-எம்17என்' (ibus-m17n). ஐபஸ் என்பது பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள். சினாப்டிக்கில் போட்டுவிட்டு, 'இன்புட் மெத்தட்' அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வரவேண்டும். பலர் இங்கேதான் கோட்டைவிட்டு, பேக்கேஜைக் குறை சொல்கிறார்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்சஸில் 'ஆட்' கொடுத்து, தமிழ் என்பதன் கீழ் தமிழ்99-ஐச் சேருங்கள்.