குரல்பதிவில் சொன்ன 1,200 வெள்ளி

கேள்வி: சிங்கப்பூரில் யீஷூனில் இருக்கிறேன். பகலில் அலுவலக வேலை, மாலையில் தமிழ் நாடகம். ஒரு குழுவில் மூன்று காட்சிகளுக்கு 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருவதாக இயக்குநர் அண்ணன் வாட்ஸ்அப் குரல்பதிவில் சொன்னார். ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு மாதம் ஒத்திகை. இரண்டாவது காட்சி முடியும் நேரம், விளக்கெல்லாம் அணைக்கும் பிளாக்அவுட்டில் மேடைக்குப் பின்னால் இருந்த படியில் விழுந்து கணுக்காலில் எலும்பு விரிசல். மூன்றாவது காட்சியில் என் வேடத்தை வேறொருவர் வசனத்தாளைக் கையில் வைத்துப் படித்தாராம். இப்போது 400 வெள்ளி மட்டும் அனுப்பிவிட்டு, "மானியம் இன்னும் வரலை, கடைசி ஷோவும் நீ பண்ணலை, நாம குடும்பம்தானே" என்கிறார். மருத்துவச் செலவே 900 வெள்ளியைத் தாண்டிவிட்டது. சட்டப்படி ஏதாவது கேட்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் சம்பளம் வேறு, கணுக்கால் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இரண்டுமே இழுபடும்.

முதலில் பணம். கையெழுத்து இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அவர் தொகையைச் சொன்னார், நீங்கள் சரி என்று ஒத்திகைக்குப் போனீர்கள், மேடையேறினீர்கள். அந்தக் குரல்பதிவுதான் உங்கள் சாட்சி. இன்றே வேறிடத்தில் சேமித்து வையுங்கள். உரையாடலில் தானாக மறையும் செய்திகளை யாராவது இயக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

"மானியம் வரலை" என்பதை நாடகக்காரர்கள் வாயில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். மானியம் கிடைத்தால்தான் சம்பளம் என்று முன்பே பேசி நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் அது நிபந்தனை. காட்சியெல்லாம் முடிந்தபிறகு அவராகச் சேர்த்துக்கொள்வது நிபந்தனை ஆகாது. மானியம் தரும் தேசியக் கலைகள் மன்றம் எப்போது பணம் கொடுக்கிறது என்பது குழுவின் தலைவலி, உங்களுடையது அல்ல. ஆகவே குரல்பதிவை முழுக்க ஒருமுறை கேளுங்கள். "மானியம் வந்ததும்" என்று எங்காவது சொல்லியிருக்கிறாரா?

மூன்றாவது காட்சி விஷயத்தில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நீங்கள் ஆடாத காட்சிக்கு ஒரு பங்கைக் கழிக்கலாம் என்று அவர் வாதாடுவார். அவர்கள் அலட்சியத்தால்தான் ஆட முடியாமல் போனது என்பது உங்கள் எதிர்வாதம். அதோடு, 1,200 வெள்ளி மூன்று மாலைகளுக்கு மட்டுமா, இரண்டு மாத ஒத்திகைக்கும் சேர்த்துத்தானே? பேரத்தில் கொஞ்சம் இறங்கி வாருங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு காட்சிக்காக மூன்றில் இரண்டு பங்கை வெட்டுவது எந்தக் கணக்கு?

கேட்டும் தராவிட்டால், ஸ்மால் கிளெய்ம்ஸ் என்று நாம் சொல்லும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான சேவை ஒப்பந்தத் தகராறுகளை விசாரிக்கும். சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாக இணையத்திலேயே மனுப் போடலாம், பணம் வராமல் போன நாளிலிருந்து 2 ஆண்டுக்குள். வழக்கறிஞர் அங்கே உங்களுக்காக வாதாட முடியாது, எனவே எனக்குப் பிழைப்பில்லை. பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: எதிர்தரப்பு யார்? குழு நிறுவனமா, பதிவுபெற்ற சங்கமா, வெறும் பெயரா? நிறுவனம் என்றால் நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அக்ரா அமைப்பின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடுங்கள், சங்கம் என்றால் சங்கங்களின் பதிவகத்தில். குழு எங்குமே பதிவாகவில்லை என்றால், பேசி அமர்த்தியவர் என்ற முறையில் அண்ணன் பெயரில்தான் மனுப் போட வேண்டியிருக்கும். சுயதொழில் செய்வோரின் சம்பளத் தகராறுகளுக்கு டாடம் என்ற முத்தரப்பு அமைப்பும் சமரசம் பேசுகிறது. ஆனால் அண்ணனும் வரச் சம்மதிக்க வேண்டும்.

இனி கால். 2019ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் ஊழியர்களுக்கானது. ஒரு நாடகத்துக்கு ஒரு தொகை பேசி வந்த நடிகர் பெரும்பாலும் அதில் சேரமாட்டார். பெயருக்கு ஃப்ரீலான்ஸ் என்பதை மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில்லை, வேலை உண்மையில் எப்படி நடந்தது என்றும் பார்க்கும். இருந்தாலும் உங்கள் விஷயத்தில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை.

மிச்சமிருப்பது அலட்சியத்துக்கான இழப்பீட்டு வழக்கு. அதற்கு 3 ஆண்டு அவகாசம். சிறு கோரிக்கை மன்றம் உடற்காயத்தை எடுக்காது, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கேட்பார்கள்: படி விளிம்பில் ஒளிரும் டேப் ஒட்டியிருந்ததா? விங்ஸில், அதாவது மேடையின் மறைவான ஓரங்களில், மங்கலான நீல விளக்காவது எரிந்ததா? முந்தைய ஒத்திகையில் "அந்தப் படி தெரியலை" என்று ஸ்டேஜ் மேனேஜரிடம் யாராவது சொல்லியிருந்தால் அந்தச் செய்தி தங்கம். படி இருட்டு என்று தெரிந்தும் உடை மாற்ற ஓடினீர்கள் என்றால் உங்கள் பங்குக்கும் கொஞ்சம் கழிப்பார்கள். 900 வெள்ளிக்காக வழக்கறிஞர் வைத்து வழக்குப் போட நான் சொல்லமாட்டேன். குழுவோ அரங்கமோ பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், அதிலிருந்தே வர வாய்ப்புண்டு. கால் சரியாகாமல் இழுத்துக்கொண்டே போனால் கதை வேறு. அப்போது ரசீதுகளோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

சின்ன வட்டம், அடுத்த வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அதனால் முதல் செய்தியைக் கோபமில்லாமல் அனுப்புங்கள்: "அண்ணே, நீங்க சொன்ன 1,200ல 400 வந்துச்சு. மீதியை இந்த மாதம் 30ஆம் தேதிக்குள்ள அனுப்பிடுங்க. கால் செலவுக்கு காப்புறுதி இருக்கான்னு தனியா சொல்லுங்க." குழுவின் பொதுக் குரூப்பில் போடாதீர்கள், அவருக்கு மட்டும்.