மகனுக்கு மட்டும் ஆபீஸ் ரூமா?

கேள்வி: கோபி பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். மஞ்சள் கிழங்குக்குப் பாலிஷ் போடும் டிரம் ஓடுகிறது. ஆட்களுக்குக் கையுறை, மாஸ்க் வாங்கிக் கொடுத்தோம், போஸ்டர் ஒட்டினோம், வகுப்பும் எடுத்தோம். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பெல்ட் அடிக்கடி நழுவுவதால் அதன் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறோம். போன மாதம் ஒரு அம்மாவின் முந்தானை பெல்ட்டில் சிக்கியது. நல்லவேளை, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. லீவுக்கு வந்த என் மகனைக்கூட டிரம் பக்கம் விடாமல் ஆபீஸ் ரூமில் உட்கார வைக்கிற ஆள் நான். ஆட்களுக்கும் இந்த அக்கறையை எப்படி வரவழைப்பது?

பதில்: மகனை ஏன் ஆபீஸ் ரூமில் உட்கார வைத்தீர்கள்? கையுறையை மாட்டிவிட்டு, போஸ்டரைப் படிக்கச் சொல்லி, டிரம் பக்கம் அனுப்பியிருக்கலாமே? அனுப்ப மாட்டீர்கள். அந்த பெல்ட்டுக்கு முன்னால் போஸ்டர் எதற்கும் உதவாது என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் அடுத்தவன் பெற்ற பிள்ளையை அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள். அப்புறம் அக்கறையைப் பற்றி என்னிடம் கேட்க எப்படி வாய் வந்தது?

கையுறை மூட்டை தூக்கத்தான் ஆகும். சுற்றுகிற பெல்ட் பக்கத்தில் தொளதொளவென்று கையுறை போட்டால் அதுவே கையை உள்ளே இழுத்துவிடும்.

நம் பக்கம் வேலைக்கு வருகிறவர்களை 'நம்ம வீட்டு ஆளுங்க' என்றுதான் சொல்வோம். நோம்பிக்குப் புடவை எடுத்துக் கொடுப்போம், வீட்டு விசேஷத்துக்குப் போய் மொய் வைப்போம். சரி, நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் புடவையின் முந்தானைதானே பெல்ட்டில் சிக்குகிறது? சுற்றுகிற பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும், ஓடுகிற இயந்திரத்தைத் தொட்டு வேலை பார்ப்பவர் பயிற்சி பெற்றவராக, இறுக்கமான உடையில் இருக்க வேண்டும், அந்த உடையையும் நிர்வாகமே தர வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நம் சங்கத்தில் அத்தனை ஆள் இல்லை, சட்டம் பொருந்தாது என்று இயக்குநர் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் வீட்டுப் பிள்ளையும் டிரம் பக்கம் போவதில்லை என்பதை நினைவுபடுத்துங்கள்.

பெல்ட் நழுவுகிறது என்றால் தளர்ந்திருக்கும், தேய்ந்திருக்கும், இல்லை பெல்ட் மாட்டுகிற புல்லிச் சக்கரம் இரண்டும் நேர்க்கோட்டில் இருக்காது. மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய வேலைக்கு மூடியைக் கழற்றுவார்களா? கம்பி வலையில், கீல் வைத்து மூடி செய்யச் சொல்லுங்கள். திறக்காமலே பெல்ட்டைப் பார்க்கலாம். சுவிட்ச் டிரம் பக்கத்தில் நிற்கிறவர் கைக்கு எட்ட வேண்டும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, முந்தானையை உள்ளே செருகிக் கட்டுவது காட்டு வேலையில் நம் பெண்களுக்குப் பழக்கம்தான். அளவான சட்டையாகச் சங்கமே தைத்துக் கொடுக்கட்டும்.

கூலி நாள் கணக்கா, மூட்டைக் கணக்கா என்று நீங்கள் எழுதவே இல்லை. மூட்டைக் கணக்கு என்றால் உங்கள் வகுப்பு ஏன் காதில் ஏறவில்லை என்று நானே சொல்லிவிடுவேன். டிரம்மை நிறுத்தினால் அவர்கள் காசு போகும். எவர் நிறுத்துவார்? ஓட ஓடத்தான் பெல்ட்டைத் தள்ளி ஏற்றுவார்கள். நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு, நிறுத்தியவரை யாரும் ஏச மாட்டார்கள் என்று தீர்மானம் போட்டு, மேஸ்திரிக்கும் சொல்லிவிடுங்கள். மயிரிழையில் தப்பியவர் அதை உங்களிடம் வந்து சொல்லத் துணிவது அப்புறம்தான்.

மூடி மாட்டும்வரை டிரம் ஓடக் கூடாது. வண்டியில் மஞ்சளோடு காத்திருக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள், போடட்டும். நன்றாகக் காய்ந்த மஞ்சள் இரண்டு நாள் கிடந்தால் கெட்டுவிடாது.

முந்தானை சிக்கிய அந்த அம்மாவுக்கு அன்றைய கூலியை முழுசாகக் கொடுத்தீர்களா? கடிதத்தில் காணோம். கொடுக்கவில்லை என்றால் இந்தச் சனிக்கிழமைக் கூலியோடு சேர்த்து, நீங்களே கையில் கொடுங்கள்.