கார்வியையும் டு பாய்ஸையும் ஆய்ந்தால் வேலை கிடைக்குமா?

மதிப்பிற்குரிய ஐயா,

வரலாற்றில் முதுகலை முடிக்கவிருக்கும் உங்கள் மகள் ஆப்பிரிக்க அமெரிக்கச் சிந்தனையில் கறுப்பினத் தேசியவாதத்தையும் (கறுப்பர்கள் தனித்த மக்களினமாகத் தம் காலில் நிற்க வேண்டும் என்ற கருத்து) அகில ஆப்பிரிக்கவாதத்தையும் (உலகெங்கும் உள்ள ஆப்பிரிக்க வழியினர் ஒன்றுபட வேண்டும் என்ற கருத்து) ஆய்வுக்கு எடுக்க விரும்புவதாகவும், "இதைப் படித்துவிட்டு யாரிடம் போய் வேலை கேட்பது?" என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் கவலைப்பட வேண்டியது தலைப்பைக் குறித்தன்று. எந்தத் துறையின் பெயரில், யாருடைய பணத்தில் படிக்கப்போகிறார் என்பதைக் குறித்தே.

தலைப்பு ஆழமானது. 1914இல் ஜமைக்காவில் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காகத் தொடங்கிய தம் சங்கத்தை நியூயார்க்கின் ஹார்லெமுக்குக் கொண்டுவந்த கறுப்பினத் தேசியவாதத் தலைவர் மார்கஸ் கார்வி, 1919இல் 'பிளாக் ஸ்டார் லைன்' என்ற கப்பல் நிறுவனத்தை நிறுவி, பங்கு ஒன்று 5 டாலர் என்று எளிய உழைப்பாளிகளிடம் விற்றார். கப்பல்கள் பழுதாகி, நிறுவனம் நொடித்து, 1923இல் தபால்வழி மோசடிக்காக அவர் தண்டிக்கப்பட்டபோது, அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக நின்றது ஒரு வெற்று உறைதான்; நிறுவனத்தின் முத்திரை அதன்மேல் இருந்தது, உள்ளே என்ன அனுப்பப்பட்டது என்பதை யாராலும் காட்ட முடியவில்லை. கார்வியைக் கடுமையாக எதிர்த்த ஆப்பிரிக்க அமெரிக்க அறிஞர் டு பாய்ஸோ, 1919இல் பாரிஸில் அகில ஆப்பிரிக்க மாநாட்டைக் கூட்டியவர். 1961இல் கானாவுக்குக் குடிபெயர்ந்து, 1963இல் அக்ராவில் மறைந்தார். ஒருவரையொருவர் ஏற்காத இருவரும் ஆப்பிரிக்காவை நோக்கியே ஏன் திரும்பினார்கள் என்று கேட்கத் தெரிந்தால் உங்கள் மகளிடம் ஆய்வுக்கான கேள்வி இருக்கிறது என்று பொருள். இருவரையும் 'கறுப்பினத் தலைவர்கள்' என்று ஒரே மூச்சில் புகழ்ந்து எழுதும் விண்ணப்பம் தேர்வுக்குழுவைத் தாண்டாது.

இந்திய மாணவிக்கு இதில் ஒரு தனி வாய்ப்பும் உண்டு. டு பாய்ஸின் கடிதங்கள் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகக் காப்பகத்தில் இருக்கின்றன; அவற்றை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் பிரதிகளைக் கேட்டு 1946இல் அம்பேத்கர் எழுதிய கடிதமும் அங்கே உண்டு. தீண்டத்தகாதோரின் நிலையும் கறுப்பர்களின் நிலையும் அத்தனை ஒத்திருப்பதால் பின்னதைப் படிப்பது அவசியம் என்று அவர் அதில் குறிப்பிடுகிறார். இத்தகைய மூல ஆவணங்களை விடுமுறையில் உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுக்கும் பொறுமை உங்கள் மகளுக்கு உண்டா என்று பாருங்கள். அந்தப் பொறுமை இல்லையென்றால், தலைப்பை மாற்றினாலும் ஆய்வு கைகூடாது.

இனி வேலை. 1968-69 மாணவர் வேலைநிறுத்தத்தின் விளைவாக சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பின ஆய்வுத் துறை பிறந்தது. 1988இல் டெம்பிள் பல்கலைக்கழகம் இத்துறையில் முனைவர் பட்டப் படிப்பையே தொடங்கியது. ஆயினும் நம் ஊர்க் கல்லூரிகள் பணியிடங்களை வரலாறு, அரசியல் அறிவியல், ஆங்கிலம் என்றே அறிவிக்கின்றன. எனவே பட்டம் வரலாற்றுத் துறையில் இருக்கட்டும். ஆய்வுப் பொருள் அவருடைய விருப்பமாக இருக்கட்டும். 'ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகள்' என்று அச்சிட்ட பட்டத்தோடு திரும்பினால், அது தொடர்புடைய பாடம்தானா என்று ஒவ்வொரு நேர்காணலிலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். அமெரிக்காவிலும் நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு என்பதை மறைப்பதற்கில்லை. காப்பகம், பதிப்பகம், பன்னாட்டு நிறுவனம் போன்ற வழிகள் உண்டு; அவற்றை நம்பி மட்டும் புறப்பட வேண்டாம்.

வீட்டை அடமானம் வைத்து அமெரிக்காவில் இன்னொரு முதுகலை படிக்க அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். அங்கே நல்ல முனைவர் பட்டத் திட்டங்கள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாத உதவித்தொகையும் கொடுத்தே மாணவரைச் சேர்க்கின்றன; நிதியின்றி வரும் சேர்க்கைக் கடிதத்தை, பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரியதாயினும், மறுத்துவிடுங்கள். இதற்கிடையே கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வை வரலாற்றில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஆப்பிரிக்க ஆய்வுக்கென்றே பிரிவுகள் இருப்பதால், அங்கும் விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்க விண்ணப்பங்களுக்கான கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோ வரும். செப்டம்பருக்குள் தம் ஆய்வுக் கேள்வியை இரண்டு பக்கங்களில் எழுதி, அதைத் தம் பேராசிரியர்கள் இருவரிடம் காட்டித் திருத்திவிட்டு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பல்கலைக்கழகங்கள் பொருந்தும் என்பதை அதைப் படித்த பிறகு பேசலாம்.